மூச்சு மிச்சம்

சுதாகரனின் இரும்புக் குழாய் மூன்றாம் தரம் இறங்கியபோதுதான் நௌபரின் விலா முறிந்தது. முதலாவது அடி தோளில் விழுந்தது, இரண்டாவது முழங்கையில். மூன்றாவது விழுந்தபோது காய்ந்த பனைமட்டையை மிதித்தது போன்ற சத்தம் அவனுடைய உடம்புக்குள்ளிருந்தே கேட்டது. அதன்பிறகு மூச்சு உள்ளே போகவில்லை.

நயினாதீவின் மேற்குக் கரை. கடலட்டைப் பண்ணைக்குப் பக்கத்தில் தண்ணீர் கணுக்காலளவுதான். பண்ணைக் கங்காணியான சுதாகரன் அவனைக் குப்புறத் தள்ளி, பிடரியில் காலை வைத்து முகத்தைச் சேற்றுக்குள் அமத்தினான். கூட வந்த கூலியாட்கள் இருவர் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். தலைமயிரில் பிடித்துத் தூக்குவது, "வலையை ஆர் அறுத்தது, புத்தளத்தான்?" என்று கேட்பது, பதில் வருமுன் திரும்ப அமத்துவது. நௌபருக்குப் பதில் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்ல மூச்சு இல்லை. கடலடியில் மற்றச் சுழியோடிகள் இரண்டு தரம் மேலே வந்து போகிற நேரத்தை ஒரே மூச்சில் கிடந்து கழிப்பவன், கணுக்கால் தண்ணீரில் சாகப் பார்த்தான்.

விட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது சுதாகரன் அவனுடைய சுழியோடும் கண்ணாடியைக் கல்லில் வைத்துக் குழாயால் குத்தி நொறுக்கினான்.

பண்ணை தம்பிஐயாவுடையது. அவர் கொழும்பில் இருந்துகொண்டு தொலைபேசியில் பண்ணை நடத்துபவர். வலை அறுந்து அட்டைகள் போய்விட்டன என்று கேட்டதும், கண்டுபிடி என்று சொன்னார். சுதாகரன் தனக்குத் தெரிந்த விதத்தில் கண்டுபிடித்தான். வலையை அறுத்தது ஏதோ ஒரு வள்ளத்தின் இயந்திரக் காற்றாடி என்பது சில நாளில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒருவரும் வந்து ஒரு சொல் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் நௌபர், வள்ளத்து விளிம்பில் விழுந்துவிட்டேன் என்று சொன்னான். பள்ளிவாசலில் மூத்தவர்கள் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டில் விரட்டப்பட்டு வெளியே போன முஸ்லிம் சனத்தில் தீவுக்குத் திரும்பி வந்தது கொஞ்சக் குடும்பங்கள்தான். நௌபரே புத்தளத்து முகாமில் பிறந்தவன். உம்மாவும் வாப்பாவும் இந்தக் கரையில் பிறந்தவர்கள் என்பதை இங்கே ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. பொலிசுக்குப் போனால் ஊர் இரண்டாகும், இரண்டானால் நாங்கள்தான் சின்னத் துண்டு என்றார்கள் மூத்தவர்கள். அவன் தலையாட்டினான். படகில் திரும்பி வரும்போது, சுதாகரனைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் கொல்லவேண்டும் என்று முடிவெடுத்தான். கத்தியால் அல்ல. தண்ணீருக்குள், முகத்தை அமத்தி.

அதற்கு மூச்சு வேண்டும்.

நஸ்றியா அவனுடைய மனைவி. பள்ளிவாசல் மதரசாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவள். அவளிடம் தொடங்குகிற பிள்ளை எழுத்துக் கூட்டப் பழகியதும் முதலில் படிப்பது எங்கே நிற்பது என்பதைத்தான். ஓதலில் ஒரு வசனத்தின் கடைசியில் நின்றால் கடைசிச் சொல்லின் நுனி விழுந்துவிடும். நிற்காமல் அடுத்த வசனத்துக்குள் போனால் நுனி உயிரோடு இருக்கும். "நிண்டால் வாலை வெட்டு, போனால் வாலோட போ" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். குதிரைகள் சூரா என்று பிள்ளைகள் சொல்லும் சின்ன வேத அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அதன் முதல் வசனத்தில் நின்றால் 'ளப்ஹா' என்று முடியும். நிற்காமல் போனால் 'ளப்ஹன்' என்று அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு நடுவழியில் அறுந்தால், அறுந்த சொல்லின் நுனியை வெட்டி நின்று, மூச்சை எடுத்து, ஒரு சொல் பின்னால் போய்த் திரும்பப் பிடிக்கவேண்டும். பிரம்பு இல்லாமல் அவள் படிப்பிப்பது இதை மட்டுந்தான் என்று பெற்றோர் பகிடி பண்ணுவார்கள். மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு எவரும் அடிப்பதில்லை.

ஆசுபத்திரியிலிருந்து வந்த நௌபர் விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்திருந்து அந்தக் குதிரைகள் சூராவை ஓதத் தொடங்கினான். முதல் நாட்களில் முதல் வசனத்தையே முடிக்க முடியவில்லை. நடுவில் அறும். வெட்டி நிற்பான், நெஞ்சைக் கையால் பொத்தி மூச்சை எடுப்பான், பின்னால் போய்ப் பிடிப்பான். குசினியில் றொட்டி தட்டிக்கொண்டிருந்த நஸ்றியா ஒவ்வொரு அறுப்பையும் கேட்டாள். கண்ணீர் வந்தால் மாவுக் கையின் பின்புறத்தால் துடைத்துக்கொண்டாள். சில நாட்களில் ஒரு வசனம் முழுதாக வந்தது. ளப்ஹா. நின்றான். அடுத்தது. நின்றான். அவளுக்குச் சந்தோசம். வேறு யாரும் என்றால் கசிப்புக் குடியில் விழுந்திருப்பான், இவன் அல்லாஹ்வின் சொல்லில் விழுந்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று யாக்கோப்புக்குத் தெரியும். யாக்கோப்பு நௌபர் சுழியோடப் போகிற வள்ளத்தின் சொந்தக்காரர், மண்டைதீவுக் கத்தோலிக்கர், நயினாதீவில் கல்யாணம் செய்து தங்கிவிட்டவர். சங்குக்கும் அட்டைக்கும் இறங்கும் சுழியோடிகள் அடியில் மணிக்கூடு பார்ப்பதில்லை. தெரிந்த செபத்தை மனதுக்குள் சொல்லித்தான் மூச்சை அளப்பார்கள். யாக்கோப்பின் அளவு அருள்நிறைந்த மரியே. அவர் மேலே வந்து, இண்டைக்கு மாதா என்னை நேரத்தோடையே அனுப்பிப்போட்டா என்று சொன்னால், மூச்சு குறைவு என்று அர்த்தம். சைவப் பொடியன்களுக்குத் தேவாரம். நௌபருக்குக் குதிரைகள் சூரா. அடியில் மூச்சை விடாமல் சொல்வதால் எங்கேயும் நிற்கத் தேவையில்லை. எல்லா வாலும் ஒட்டியபடியே ஓடும்.

யாக்கோப்பு அவனைப் பார்க்க மீனோடு வந்தபோது நௌபர் பேச்சுவாக்கில் இரண்டு கேள்வி கேட்டான். பண்ணையின் வெளிமூலையில் இப்போது ஆழம் எவ்வளவு. வலையின் அடிக்கயிற்றை யார் பார்க்கிறது. ஆழம் இரண்டு ஆள் இருக்கும் என்றார் யாக்கோப்பு. சுதாகரன்தான் விடிய முன்னம் தனியே இறங்கிப் பார்க்கிறவன், கூலியாட்கள் வெய்யில் ஏறித்தான் வருவார்கள் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குக் கேட்டான் என்று யோசித்தார். வீட்டுக்குப் போய் மனைவி எமிலியிடம் சொன்னார். எமிலி இறங்குதுறையில் கண்டபோது நஸ்றியாவிடம் சொன்னாள். சொன்னது இவ்வளவுதான்: உம்மடை மனுசன் பண்ணை மூலையில ஆழம் விசாரிக்கிறாராம்.

அடுத்த நாள் விடியற்காலை நஸ்றியா குசினியில் நின்று காது கொடுத்தாள். இதுவரை சுகம் வருகிறது என்று கேட்டிருந்தவள், இன்றைக்கு வால்களைக் கேட்டாள். ளப்ஹன். ஒட்டிப் போனான். அதற்கடுத்ததும் ஒட்டியது. அதற்கடுத்ததும். ஒரு மாதத்துக்கு முன் முதல் வசனத்திலேயே அறுந்தவன் கடைசிச் சொல் வரைக்கும் ஒரு நுனியையும் வெட்டாமல் ஒரே மூச்சில் ஓடினான். ஓடி முடித்து, வாயை மூடிக்கொண்டு அப்படியே இருந்தான். மூச்சு விடவில்லை. அவன் எதற்கோ காத்திருப்பது போலக் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கீழே அமத்திக்கொண்டிருந்தான். கட்டில் சட்டம் முனகியது.

அவள் வாசலில் நின்றாள்.

"நீங்கள் ஓதேல்லை. அளக்கிறியள்" என்றாள்.

சேர்த்து ஓதினால் பாவமா என்று கேட்டான் அவன். பாவமில்லை, மூச்சு உள்ளவன் சேர்த்து ஓதலாம், ஆனால் இத்தனை வருசமும் நீங்கள் ஒவ்வொன்றிலும் நின்று ஓதின ஆள் என்றாள். பண்ணை மூலையின் ஆழம் எதற்கு என்று கேட்டாள்.

"அவனைக் கொலை செய்தால் உங்களைப் பிடிப்பினம், அது உங்கட பாடு. மிச்சச் சனம் என்ன செய்யிறது? உம்மாமார் கட்டின மாதிரி நாங்களும் திரும்பப் பெட்டி கட்டவோ? ஒரு ஆளை அமத்திப் பிடிக்க எவ்வளவு நேரமெண்டு அல்லாஹ்ட சொல்லை வைச்சு அளக்கிறியளே, வெக்கமில்லையோ?"

அவன் எழும்பி வந்து அறைந்தான். கல்யாணம் செய்த காலத்திலிருந்து அவன் அவளுக்குக் கை ஓங்கியதில்லை. உதடு பல்லில் பட்டு வெடித்தது. அவள் வாசலுக்குப் போய் இரத்தத்தைத் துப்பிவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள். அறைந்த வேகத்தில் அவனுக்கு விலாவுக்குள் ஏதோ இழுத்தது, ஆனால் அதை அவன் கவனிக்கவில்லை.

அந்த சூராவின் கடைசிக்கு முதல் வசனங்களில் என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றான், சின்ன வயதில் பாடமாக்கியது, அர்த்தம் ஒருவரும் சொல்லித் தரவில்லை. மூச்சிரைக்க ஓடுகிற குதிரைகள், குளம்பில் நெருப்புப் பறக்க விடியப்புறம் போய்ப் பாய்கிறவை, அதுதான் தொடக்கம் என்றாள். அவனுக்கு அது பிடித்திருந்தது முகத்தில் தெரிந்தது. முடிவு அது இல்லை என்றாள் அவள். முடிவில் புதைகுழிகளில் கிடப்பவை கிளறப்படும், நெஞ்சுகளுக்குள் கிடப்பவை வெளியே எடுக்கப்படும் என்றாள்.

"எடுக்கட்டும்" என்றான் நௌபர்.

பருவக்காற்று ஓய்ந்த ஒரு விடியற்காலை, வானம் சாம்பல் நிறமாகும்போதே அவன் போய்விட்டான். தொழவில்லை. நஸ்றியா எழும்பிப் பார்த்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது, ஆணியில் தொங்கிய சுழியோடும் கால்சட்டை இல்லை. அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு யாக்கோப்பின் படலைக்கு ஓடினாள்.

நௌபர் கற்பாறைப் பக்கமாக இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று காத்திருந்தான். சுதாகரன் வந்தான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பண்ணைக் கம்புகளைப் பிடித்துப் பிடித்து வெளிமூலைக்குப் போனான். ஒரு கம்பைக் காலால் கவ்விக்கொண்டு, பல்லில் கடித்து வந்த பீடியை இழுத்து முடித்தான். கண்ணாடியை இறக்கினான். அமிழ்ந்தான்.

நௌபர் நெஞ்சு நிறைய மூச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கலங்கல் தண்ணீரில் வலையின் கறுப்புத்தான் முதலில் தெரிந்தது, பிறகு அதன் அடியில் குனிந்திருந்த முதுகு. பின்னாலிருந்து பிடித்தான். ஒரு கை கழுத்தைச் சுற்றி, மற்றக் கை கம்பின் அடியில். முழங்காலை முதுகில் ஊன்றி, முகத்தை மணலுக்குள் அமத்தினான். மனதுக்குள் சூரா தொடங்கியது. ளப்ஹன்.

சுதாகரன் தண்ணீரைக் குடிக்கவில்லை, முதலில் அடித்தான். காலால் உதைத்தான். நகத்தால் நௌபரின் முன்கையைக் கிழித்தான். கிழித்த இடத்திலிருந்து புகை போல இரத்தம் எழும்பியது. கண்ணாடி கழன்று போனது. இரண்டாவது வசனம், மூன்றாவது. சுதாகரனின் வாயிலிருந்து குமிழிகள் பெரிதாக வந்தன, பிறகு சின்னதாக. நௌபர் கீழே அமத்தினான். கட்டில் சட்டத்தை அமத்திப் பழகிய அதே விசையோடு அமத்தினான். ஒட்டி ஒட்டி ஓடின வசனங்கள். புதைகுழிகள் வந்தன.

கட்டிலில் சாய்ந்திருந்து அளந்த மூச்சு அது. கட்டில் திருப்பி அடிப்பதில்லை. ஒரு மனிதனை அமத்திக்கொண்டு சொல்லும்போது அதே சூராவுக்கு இரண்டு மடங்கு மூச்சு தேவை என்பதைச் சுழியோடியான அவன் யோசித்திருக்கவேண்டும். புதைகுழிகளைத் தாண்டி நெஞ்சுகளுக்குப் போகும்போது அவனுடைய நெஞ்சு எரியத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் சுதாகரனின் முழங்கை பின்னால் வந்து, ஒட்டியிருந்த அதே விலாவில் இறங்கியது.

திரும்ப அந்தப் பனைமட்டைச் சத்தம். இருந்த மூச்செல்லாம் ஒரே குமிழியாக வாயால் போய்விட்டது. பிடி விட்டது.

இருவரும் மேலே வந்தார்கள். சுதாகரன் கம்பைக் கட்டிப்பிடித்துச் சத்தி எடுத்தான். மூக்கால் சேறும் சளியும் வந்தது. திரும்பிப் பார்த்து யார் என்று கண்டான். நௌபரால் நீந்தவும் ஏலவில்லை. வாயைத் திறந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் போனது. சுதாகரன் கம்பை ஒரு கையால் விட்டு, அவனுடைய தலைமயிரில் பிடித்து உள்ளே அமத்தினான். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. நௌபர் அந்தக் கையைக் கடித்தான். எலும்பில் பல் முட்டும்வரை கடித்து, வாய்க்குள் இரத்தம் நிறைந்தும் விடாமல் கிடந்தான். கத்தல் ஒன்று தண்ணீருக்கு மேலே எங்கோ தூரத்தில் கேட்டது.

பிறகு துடுப்பு இறங்கியது. யாக்கோப்பின் வள்ளம். முதல் அடி சுதாகரனின் தோளில், அவன் பிடியை விட்டான். வெளியே வந்த நௌபர் ஒரு மூச்சு எடுத்ததும் சுதாகரனின் தொண்டைக்குக் கையைக் கொண்டு போனான்; இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தது.

"ரெண்டு பேரும் செத்தால் நான் ரெண்டு வீட்டில பதில் சொல்லவேணும்" என்றார் யாக்கோப்பு. "ஏறுங்கோடா."

ஏற ஒருவருக்கும் பலமில்லை. வலையில் வந்த திருக்கையைத் தூக்குவது போல அவர்தான் ஒவ்வொருவராக அக்குளில் பிடித்து இழுத்துப் போட்டார். ஒருவனை அணியத்தில், மற்றவனைப் பின்பக்கத்தில். நடுவில் துடுப்போடு தான் இருந்தார். வள்ளத்தின் அடித்தண்ணீர் சிவந்து, அவர்கள் இருவருக்கும் இடையில் அங்கும் இங்கும் உருண்டது. கரைக்கு வரும் வழியில் யாக்கோப்பு பேசியது முழுவதும் கணக்கு வழக்கு போலத்தான் இருந்தது. நீ குழாயைப் பற்றிச் சொன்னால் அவன் இன்றைய கதையைச் சொல்லுவான், அவன் இன்றைய கதையைச் சொன்னால் நீ குழாயைச் சொல்லுவாய், இரண்டும் எனக்குத் தெரியும், இரண்டு பேரும் உள்ளே போவீர்கள். அட்டை மட்டும் வெளியில் சுகமாக இருக்கும்.

கரையில் நஸ்றியா நின்றாள். உதட்டுக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. வள்ளத்தில் இரண்டு தலையும் அசைவதைக் கண்ட பிறகுதான் மணலில் குந்தினாள். சுதாகரன் கடிபட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவளைக் கடந்து போனான். அவள் அவனைப் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.

திருக்கை குத்திவிட்டது என்று சுதாகரன் தம்பிஐயாவுக்குச் சொன்னான். வள்ளத்து விளிம்பில் திரும்பவும் விழுந்துவிட்டேன் என்று நௌபர் ஆசுபத்திரியில் சொன்னான். அந்த விளிம்பை மாற்றச் சொல்லும் என்று டொக்டர் சொன்னாராம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதைக்கவில்லை. கடையடியில் எதிர்ப்பட்டால் சுதாகரன் வலக்கையைச் சாரத்துக்குள் செருகிக்கொள்வான். அவனுடைய இரண்டு விரல்கள் இனி மடங்காது.

நௌபருக்கு விலா திரும்ப ஒட்டியது, ஆனால் கோணலாக. அட்டைக்கு இறங்கும் வேலை இனிச் சரிவராது என்றார்கள். யாக்கோப்பின் வள்ளத்தில் வலை இழுக்கிறான், அதுவும் இடக்கையால். விடியற்காலைகளில் திரும்ப ஓதத் தொடங்கினான். அதே சூரா. முதல் நாட்களில் ஒவ்வொரு சொல்லிலும் அறுந்தது. வெட்டினான், பின்னால் போனான், பிடித்தான். நஸ்றியா குசினியில் நின்று கேட்பாள், ஆனால் முன்போலக் கேட்பதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை வேலையை நிறுத்திவிடுவாள். அடுத்த மூச்சு வருமா என்ற பயம் பாதி. அடுத்த முறை நிற்பானா என்ற பயம் மற்றப் பாதி.

மாரி தொடங்கிய பிறகு ஒரு நாள், அவள் பாரை மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அவன் தொடங்கினான். முதல் வசனத்தின் கடைசிச் சொல் வந்தது.

ளப்ஹன்.

நிற்கவில்லை. ஒட்டி அடுத்ததுக்குள் போனான். அதற்கடுத்ததும் ஒட்டியது.

அவள் எழும்பினாள். கத்தி கையிலேயே இருந்தது, செதிலும் இரத்தமும் முழங்கை வரை. அவனுக்கு முன்னால் போய் நின்று மற்றக் கையால் அவனுடைய வாயைப் பொத்தினாள். மீன் நாற்றம் அடிக்கிற கை. அவன் அசையவில்லை. அவளுடைய உள்ளங்கைக்குள் அவனுடைய மூச்சு சூடாக அடித்தது. நிறைய இருந்தது, இன்னும் ஓடக்கூடிய அளவுக்கு இருந்தது.

கையை எடுத்தாள்.

"மூச்சு இருந்துது. அதுதான் போனனான்" என்றான் அவன். குரலில் பொய் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை, இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை.

"இருந்தாலும் நில்லுங்கோ" என்றாள்.

அவன் அவளுடைய உதட்டைப் பார்த்தான். அவன் கிழித்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. நெஞ்சில் மிச்சமிருந்த மூச்சை வெளியே விட்டான். தொடக்கத்துக்குப் போய்த் திரும்பப் பிடித்தான். ளப்ஹா. நின்றான். அவளும் நின்றாள், கத்தியோடு, கடைசி வசனம் முடியும்வரை.